அளவு ஜாக்கெட்டும் அளவு எண்ணும்

எங்கள் தெருமுனைத் தையற்கடையில் ஒரு மரப்பெட்டி உண்டு. பெண்கள் கொடுத்துவிட்டுப் போன அளவு ஜாக்கெட்டுகள் அதற்குள் கிடக்கும். சாயம் போனவை, ஹூக் கழன்றவை, அக்குளில் நைந்தவை. எவ்வளவு விலை உயர்ந்த பட்டுத் துணியாக இருந்தாலும், அதில் கத்தரி வைப்பதற்கு முன்னால் தையற்காரர் அந்த நைந்த ஜாக்கெட்டைத்தான் மேசைமேல் விரிப்பார். கை சற்று இறுக்கம், முன்கழுத்தை அரை அங்குலம் ஏற்ற வேண்டும், முதுகில் ஒரு சுருக்கம் விழுகிறது என்று அந்தப் பெண் சொல்லச் சொல்லச் சாக்பீஸால் குறித்துக்கொள்வார். அங்கே நின்றிருந்த நேரத்தில் நான் கவனித்தது ஒன்று. ஒரு பெண்கூடத் தன் உடம்பு சரியில்லை என்று அவரிடம் சொல்வதில்லை. எல்லோரும் ஜாக்கெட் சரியில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

அதே பெண்களை ஆயத்த ஆடைக் கடையின் உடை மாற்றும் அறை வாசலில் பார்த்திருக்கிறேன். நானும் அந்த வாசலில் நின்றிருக்கிறேன். மார்பில் சரியாக இருக்கும் குர்த்தி தோளில் சரிகிறது. தோளில் சரியாக இருப்பது இடுப்பில் ஏற மறுக்கிறது. மூன்று எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வரும் பெண், "எனக்கு எதுவும் சேராது" என்கிறாள். ஒரு முறை கல்லூரி மாணவி ஒருத்தி, இனி ஒரு மாதம் சோற்றைக் குறைக்க வேண்டும் என்று தன் தோழியிடம் சொன்னதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. உடம்பு அதே உடம்புதான். ஒரு கடையில் குற்றம் துணியினுடையது. இன்னொரு கடையில் குற்றம் அவளுடையது. இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. உடலை உடல்போக்கில் விட்டு அதற்கேற்ப வெட்டத் தெரிந்தவர்கள் அந்த வரலாற்றின் ஊடேயே இருந்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அளவு எண் மிகப் பழையதல்ல. அமெரிக்காவில் அஞ்சல் வழியாகவும் பெரிய கடைகள் வழியாகவும் தைத்த ஆடைகள் விற்கத் தொடங்கியபோது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் எண் வைத்தது. வாங்கிய ஆடை சேராமல் திரும்பி வருவதும், பிரித்துத் தைப்பதும் பெரும் செலவாக இருந்தன. ஆகவே 1939-40ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு விவசாயத் துறையின் மனையியல் பிரிவைச் சேர்ந்த ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகிய இருவரின் தலைமையில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தார்கள். ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுக்கப்பட்டன. 1941இல் அறிக்கை வெளிவந்தது. அத்தனை விரிவாக அதற்கு முன் யாரும் பெண்ணுடலை அளந்ததில்லை. ஆனால் கணக்கில் சேர்த்துக்கொண்டது வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே. மற்றவர்கள் வந்தால் மனம் நோகாதபடி அளந்துவிட்டு, பிறகு அந்தத் தாள்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பது அளப்பவர்களுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல். "எல்லாப் பெண்களுக்கும்" என்று பின்னாளில் பரவிய அட்டவணையின் அடியில் இப்படியொரு தாள் குவியல் இருக்கிறது.

அந்த ஆய்வு கண்டுபிடித்ததே அந்த அட்டவணைக்கு எதிரான சான்று என்பேன். பெண்ணுடல்கள் ஒரே வரிசையில் ஏறிப் போவதில்லை. உயரம் கூடினால் இடுப்பு கூடும் என்றில்லை; மார்பு கூடினால் தோள் அகலும் என்றில்லை. இதை நன்றாக அறிந்துதான், 1958இல் வெளியான அமெரிக்க அரசின் தர அட்டவணை 8 முதல் 38 வரையான எண்களோடு உயரத்துக்கு மூன்று வகை, இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவுக்கு மூன்று வகை என்று பிரித்தது. கடைக்காரர்களுக்கு அத்தனை வகைகளை அடுக்கி வைக்கக் கட்டுப்படியாகவில்லை. எண்ணை எடுத்துக்கொண்டார்கள், வகைகளை விட்டுவிட்டார்கள். 1983இல் அரசு அந்தத் தரத்தையே திரும்பப் பெற்றது. அதன்பின் எந்த எண்ணுக்கு எந்த அளவு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது. சிறிய எண் வாங்குபவரை மகிழ்விக்கும் என்பதால் எண்கள் நழுவிக்கொண்டே போயின. 1958இல் 8 என்ற எண்ணின் இடுப்பு 23.5 அங்குலம்தான், இன்று அமெரிக்கக் கடையில் 8 என்று எழுதியிருப்பது அதைவிடப் பல அங்குலம் பெரியது. இப்படி நகரும் ஓர் எண்ணை வைத்துத்தான் அந்த மாணவி தன் சோற்றைக் குறைக்க நினைத்தாள்.

அதே அளவுகளிலிருந்து வந்த இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். மகப்பேறு மருத்துவர் ராபர்ட் டிக்கின்சனும் சிற்பி ஏப்ரம் பெல்ஸ்கியும் சேர்ந்து, அந்த 15,000 பெண்களின் சராசரியைக் கொண்டு ஒரு பெண் சிலை செய்தார்கள். அதற்கு நார்மா என்று பெயர். 1945இல் கிளீவ்லாந்து நகரின் நாளிதழ் ஒன்று, நார்மாவின் அளவுகளுக்கு மிகப் பொருந்தும் பெண் யார் என்று போட்டி வைத்தது. 3,864 பெண்கள் தங்கள் அளவுகளை அனுப்பினார்கள். ஒப்பிட்டுப் பார்த்தது ஒன்பது அளவுகளை. ஒன்பதிலும் பொருந்தியவர் ஒருவரும் இல்லை. ஐந்து அளவுகளில் பொருந்தியவர்களே நாற்பது பேருக்கும் குறைவு. சராசரிப் பெண் என்று ஒருத்தி இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஆனால் அந்நாளில் பலர் இதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். பெண்கள் உடலைப் பேணவில்லை, அதனால்தான் நார்மாவைப் போல் இல்லை என்றார்கள். குற்றம் மறுபடி உடலின் மீதே விழுந்தது.

இனி ஆலைக்குள் வருவோம். திருப்பூரிலோ வேறெங்கோ, ஏற்றுமதி ஆடை தைக்கும் இடத்தில் நடப்பது இதுதான். வாங்கும் நிறுவனம் ஓர் அளவு அட்டவணையை அனுப்பும். நடு அளவு ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த அளவுள்ள மாடல் பெண் ஒருத்தியின் உடலில் மாதிரி ஆடையைப் போட்டுச் சரிபார்ப்பார்கள். அது தேறியதும், அந்த வெட்டுப் படிவத்தைப் படிப்படியாகப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் மற்ற அளவுகளை உண்டாக்குவார்கள். இதற்குக் கிரேடிங் என்று பெயர். மார்புக்கு இத்தனை, தோளுக்கு இத்தனை என்று ஒவ்வோர் அளவுக்கும் நிலையான ஏற்றம் உண்டு. பிறகு துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வீச்சில் வெட்டிவிடுவார்கள். விலை மலிவாக இருப்பதற்கு இந்த அடுக்கு வெட்டுதான் காரணம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். மாதச் சம்பளத்தில் நாலு நல்ல உடுப்பு வாங்கப் பெண்களால் முடிகிறது என்றால் அது இந்த முறையால்தான்.

சிக்கல் அந்த ஏற்றத்தில் இருக்கிறது. மனித உடல் ஒரு பலூனைப்போல எல்லாப் பக்கமும் சமமாகப் பெருப்பதில்லை. சதை போடும்போது தோள் எலும்பு நீளாது. ஆனால் படிவம் பெரிதாகும்போது தோளும் கையும் கழுத்தும் அதனோடு சேர்ந்து விரிகின்றன. பெரிய அளவு ஆடை வாங்கும் பெண்களுக்குக் கழுத்து சரிந்து விழுவதும், தோள் தையல் கைமேல் இறங்குவதும் இதனால்தான். நடு அளவிலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போகிறோமோ அவ்வளவுக்குப் பிழையும் கூடுகிறது. அந்த நடு அளவு மாடலின் உயரம், தோள் சாய்வு, மார்பு அமைப்பு எல்லாம் ஒருத்தியினுடையவை. மற்ற பெண்கள் எல்லோரும் அவளுடைய உடலின் பெரிய நகலாகவோ சிறிய நகலாகவோ இருக்க வேண்டும் என்று அந்தப் படிவம் எதிர்பார்க்கிறது.

துணி தட்டையானது, உடல் வளைவுகளால் ஆனது. உடை வடிவமைப்பின் அடிப்படைக் கேள்வி இது ஒன்றே. டாட் பிடித்து, அதாவது கூம்பாக மடித்துத் தைத்து, துணியைக் குவிக்கலாம். துண்டு துண்டாக வெட்டி இணைக்கலாம். சுற்றலாம், முடியலாம், கொசுவலாம். அல்லது உடலையே ஒரு கூட்டுக்குள் அழுத்தித் துணிக்கேற்ற வடிவத்துக்குக் கொண்டுவரலாம். ஐரோப்பியப் பெண்கள் நூற்றாண்டுக் கணக்கில் இந்தக் கடைசி வழியில்தான் உடுத்தினார்கள். திமிங்கில எலும்போ எஃகுப் பட்டையோ வைத்த கோர்செட் முதலில் உடலை உருவாக்கும். உடை அதன்மேல் அமரும்.

அதைக் கழற்றிவிட்டு வெட்டத் தொடங்கியவர்களில் எனக்கு மிகப் பெரியவராகத் தெரிபவர் மாதலீன் வியோனே. 1876இல் பிரான்சில் பிறந்து, சிறுமியாகவே தையல் வேலைக்குப் போனவர். 1907இல் பாரிசின் ழாக் தூசே நிறுவனத்தில் சேர்ந்ததும், மாடல் பெண்களைக் கோர்செட் இல்லாமல், வெறுங்காலோடு நடக்கவிட்டார். விற்பனைப் பெண்களுக்கே அது பிடிக்கவில்லை. 1912இல் தனியாகக் கடை திறந்தார். உலகப் போரில் மூடி, 1918இல் மறுபடி திறந்தார்.

அவர் செய்ததைப் புரிந்துகொள்ள ஒரு கைக்குட்டை போதும். பாவு நூல் ஓடும் வழியில் அதை இழுத்தால் அசையாது. ஊடை நூல் வழியில் இழுத்தாலும் அப்படியே. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். துணி நீண்டு கொடுக்கும், விட்டால் மெல்லத் திரும்பும். நம் தையற்காரர்கள் இதைத்தான் கிராஸ் என்கிறார்கள். அதற்கு முன்பும் கழுத்துப் பட்டிக்கும் ஓரத்துக்கும் கிராஸ் துணியை வைத்தார்கள். வியோனே உடை முழுவதையும் கிராஸாக வெட்டினார். ஒரு டாட்கூட இல்லாமல் மார்பிலும் இடுப்பிலும் துணி தானே படிந்து இறங்கியது. உடல் நகர்ந்தால் துணியும் நகர்ந்தது. 1918-20 காலத்தில் அவர் செய்த ஓர் உடை, நான்கு சதுரத் துண்டுகளை மூலையால் தொங்கவிட்டு இணைத்தது. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. அந்த எளிமைக்குப் பின்னால் எத்தனை கணக்கு இருந்தது என்பது, அவருடைய உடைகளை அவிழ்த்து விரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

காகிதத்தில் வரைந்து அவர் வடிவமைக்கவில்லை. பாதி அளவுள்ள ஒரு சிறிய மரப் பொம்மையின்மேல் துணியைப் போர்த்திப் போர்த்தியே வேலை செய்தார். கிராஸாக வெட்டச் சாதாரண அகலம் போதாது என்பதால் அதிக அகலத்தில் துணி நெய்யச் சொன்னார். தன் பெருவிரல் ரேகையை ஒவ்வோர் ஆடையின் சீட்டிலும் பதித்தார், நகல் எடுப்பவர்களுக்கு எதிராக. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தையற்பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். அவர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பும், மருத்துவ வசதியும், குழந்தைகளுக்குக் காப்பகமும் இருந்தன. உடுத்துபவளின் உடலை மதித்தவர் தைப்பவளின் உடலையும் மதித்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனாலும் அவருடைய உடைகள் பணக்காரப் பெண்களுக்கானவை. ஒவ்வொன்றும் உடுத்தப் போகிறவளுக்காகவே தனியாகத் தைக்கப்பட்டது. அடுக்கு வெட்டில் இதே மரியாதையைக் கொண்டுவர முடியுமா என்ற கேள்விக்கு விடை சொன்னவர் அமெரிக்காவின் கிளேர் மெக்கார்டல். 1905இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்தவர். பாரிசில் படித்தபோது, விலை குறைத்து விற்ற வியோனே உடைகளை வாங்கி, தையலைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அமெரிக்கா திரும்பி, ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபடி, 1938இல் ஓர் உடை செய்தார். முன்னும் பின்னும் ஒன்றுபோல, கூடாரம்போலத் தொங்கும் அங்கி. இடுப்புக்கென்று தையலே கிடையாது. உடுத்துபவள் தன் இடுப்பு எங்கே இருக்கிறது என்று நினைக்கிறாளோ அங்கே கச்சையைக் கட்டிக்கொள்ளலாம். நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சியும் கட்டலாம், ஒல்லிப் பெண்ணும் கட்டலாம். அது அத்தனை வேகமாக விற்றது. நகல்களும் அத்தனை வேகமாக வந்தன. நகல்காரர்களோடு போராடியே அந்த நிறுவனம் சில காலம் மூட வேண்டி வந்தது.

1942இல் அவர் செய்த பாப்ஓவர் என்ற சுற்று உடையின் விலை 6.95 டாலர். டெனிம் துணி, முன்பக்கம் சுற்றிக் கட்டுவது, ஒரு பெரிய பை, சூட்டுப் பாத்திரம் பிடிக்கும் கையுறை வேறு அதோடு இணைந்திருக்கும். போர்க்காலத்தில் வேலைக்காரர்கள் ஆலைகளுக்குப் போய்விட, வீட்டு வேலையைத் தாங்களே செய்யத் தொடங்கிய பெண்களுக்காகச் செய்தது. கட்டும் நாடாவில்தான் அளவே இருக்கிறது. காலையில் ஓர் இறுக்கம், சாப்பிட்டபின் ஓர் இறுக்கம். முதுகில் வைக்கும் கொக்கிகளை அவர் வெறுத்தார். தனியாக வாழும் பெண்ணுக்கு அதை யார் மாட்டிவிடுவார்கள் என்று நினைத்து, கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். எல்லா உடையிலும் சட்டைப்பை உண்டு. இந்தச் சின்னச் சின்ன முடிவுகளில்தான் ஒரு வடிவமைப்பாளர் பெண்ணை என்னவாக நினைக்கிறார் என்பது தெரிகிறது.

இந்த வழி நேராகப் போய்விடவில்லை. 1947 பிப்ரவரியில் கிறிஸ்டியன் டியோர் பாரிசில் காட்டிய உடைகள் மறுபடி இடுப்பை இறுக்கின, இடுப்புக்குக் கீழே பஞ்சு வைத்துப் புடைக்க வைத்தன. போரின் வறட்சிக்குப் பிறகு வந்த அந்தச் செழிப்பைப் பெண்கள் பலர் விரும்பியே உடுத்தினார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அழகு உடைக்குள் கட்டப்பட்டிருந்தது. உடல் அதற்குள் பொருந்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1958இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்பான்டெக்ஸ் இழை பிறகு எல்லாவற்றையும் எளிதாக்கியது. இழுத்தால் நீளும் துணி இருந்தால் நல்ல வெட்டு இல்லாமலேயே ஆடை சேரும். அதனாலேயே வெட்டுக்கலை சோம்பிப் போனது என்பது என் கருத்து. ஜப்பானின் இஸ்ஸே மியாகே மட்டும் இதற்கு வேறு விடை தந்தார். உடையை இரண்டு மூன்று மடங்கு பெரிதாகத் தைத்து, பிறகு சூட்டில் மடிப்புகள் ஏற்றி உடலளவுக்குச் சுருக்கினார். 1993இல் தனிப் பெயரில் விற்பனைக்கு வந்த அந்த ஆடைகள் உடல் அசையும்போது விசிறிபோல விரிந்து மூடும்.

விசிறி மடிப்பு என்றதும் நமக்குக் கொசுவம் நினைவுக்கு வரும். சேலைக்கு அளவு எண் கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி. பாட்டி கட்டியதைப் பேத்தி கட்டுகிறாள். ஒல்லியானவளுக்கு ஏழெட்டுக் கொசுவம் வரும், பருத்தவளுக்கு நாலைந்து வரும். உடல் மாறினால் கொசுவம் மாறும், சேலை மாறாது. மெக்கார்டலின் நாடா செய்த வேலையை நம் வீட்டில் கொசுவம் எப்போதும் செய்துவந்திருக்கிறது. அதற்காகச் சேலைதான் சிறந்த உடை என்று நான் வாதிடவில்லை. ஓடிப் பஸ் பிடிக்கும் பெண்ணுக்கு எது வசதி என்பதை அவளே முடிவு செய்யட்டும். தைக்காத துணியில் பெண்ணுடலுக்கு இருந்த இடம் தைத்த துணியில் ஏன் குறுகியது என்பதே என் கேள்வி.

சேலையோடு சேர்ந்து வரும் ஜாக்கெட்தான் நம் ஊரில் வெட்டுக்கலையின் கடினமான பாடம். முன்பக்கத் துணியைக் கிராஸாக வெட்டி, மூன்றோ நாலோ டாட் பிடித்து, கைக்குழியைச் சரியாகத் தோண்டி, மேலே தூக்கினாலும் கை பிடிக்காமல் தைப்பது எளிதல்ல. கிராஸ் கட் என்றால் துணி கூடுதலாக வேண்டும் என்று தையற்காரர் கேட்பதும், வியோனே அகலத் துணி கேட்டதும் ஒரே காரணத்தால்தான். நல்ல தையற்காரர் ஒருவருக்கு இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருக்காது என்று தெரியும். இடது பக்க டாட் வலது பக்கத்தைவிடச் சற்றுக் கீழே இறங்க வேண்டும் என்பதைக் கேட்காமலேயே கண்டுகொள்வார். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வரும் பெண்ணுக்கு ஒரு பக்கம் உள்ளே மடித்து மெத்தை வைத்துத் தைத்துத் தந்தவர்களை நான் அறிவேன். அவர்களை வடிவமைப்பாளர் என்று யாரும் அழைப்பதில்லை. கூலியும் அதற்கேற்ப இல்லை.

இந்தியப் பெண்களுக்கென்று ஓர் அளவு அட்டவணை வேண்டும் என்ற முயற்சி அண்மைக் காலத்தில்தான் தொடங்கியது. நம் கடைகளில் தொங்கும் ஆடைகள் பெரும்பாலும் பிரிட்டிஷ், அமெரிக்க அளவுகளைத் தழுவியவை. தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்ட இந்தியாசைஸ் திட்டம், 15 முதல் 65 வயது வரையான 25,000 பேரை, நாட்டின் ஆறு நகரங்களில் முப்பரிமாணக் கருவிகளால் அளப்பது. வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் 1941இன் பாடம் நினைவிருக்க வேண்டும். எத்தனை பேரை அளந்தாலும், அதிலிருந்து ஒரு நார்மாவைச் செய்து மற்றவர்களை அவளுடைய நகலாக்கினால் பழைய கதைதான். ஒரே மார்பளவுக்கு இரண்டு மூன்று இடுப்பு வகைகள், இரண்டு உயரங்கள் என்று கடையில் கிடைக்குமா? விற்பவர் அதற்கு இடம் ஒதுக்குவாரா? 1958 அட்டவணையின் வகைகளைக் கைவிட்ட அதே கணக்கு இங்கேயும் குறுக்கே வரும்.

அதுவரை கடையில் ஆடை எடுக்கும்போது நான் ஒன்று செய்கிறேன். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அதை உள்பக்கமாகத் திருப்பிப் பார்ப்பேன். தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? பெரும்பாலும் கால் அங்குலம்கூட இருக்காது. மிச்சம் பிடித்த துணியில் அடுத்த ஆடை வெட்டியிருப்பார்கள். என் அம்மாவின் கல்யாண ஜாக்கெட் இன்னும் அலமாரியில் இருக்கிறது. பக்கத் தையலுக்கு உள்ளே ஒன்றரை அங்குலம் துணி. அதில் மூன்று தையல் கோடுகளின் தடம். ஒன்று கல்யாணத்துக்குப் போட்டது. நான் பிறந்தபின் பிரித்தது ஒன்று. தம்பி பிறந்தபின் இன்னும் தள்ளிப் போட்டது மூன்றாவது. அதற்கும் அப்பால் அரை அங்குலம் மிச்சம் இருக்கிறது.